சமூகம் இரண்டு நாளாக வரவில்லை

பிளம்பரின் மகள் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருந்தது. அடிவயிற்று வலியும் காய்ச்சலும் வந்து, அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "நிறையத் தண்ணி குடிக்கணும்மா, அடக்கி வைக்கக் கூடாது" என்றார். பெண் தலையை ஆட்டினாள். அம்மாவுக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை. பதினோரு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் அவள். யார் எதற்குத் தலையாட்டுகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

பஸ்ஸில் வரும்போது விசாரித்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஸ்கூல்ல எங்க டாய்லெட்டுல மூணு வாரமா தண்ணி வரலம்மா. குடிச்சா போகணும். போக முடியாது. அதான் யாரும் குடிக்கறதில்ல."

"யாருமேவா?"

"ஒன்பதாவதுல ஒருத்தி குடிப்பா. அவ வீடு எதிர்லயே இருக்கு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிளம்பர் இதைக் கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஊரில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் வரவழைத்த மனுஷன். மகளிடம் தொழில் முறையில் நாலு கேள்வி கேட்டார். ஆபீஸ் பக்கம் குழாயில் வருகிறதா? வருகிறது. மேலே தொட்டி நிறைகிறதா? தினமும் வழிகிறது.

"அப்ப டாய்லெட் பின்சுவர்ல இருக்கற வால்வு போயிருக்கும். அரை மணி நேர வேலை. நாளைக்குப் போய் மாத்திட்டு வந்துடறேன்" என்றார்.

முப்பது வருஷத் தொழிலில் நேரத்தை அவ்வளவு தப்பாக அவர் கணித்தது அந்த ஒரு தடவைதான்.

பள்ளி அந்தப் புறநகரின் கடைசி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. நீளமான மதில். மதிலில் ஆளுயர எழுத்தில் "இந்தப் பள்ளி சமூகத்தின் சொத்து" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், "அனுமதியின்றி உள்ளே வருவோர் தண்டிக்கப்படுவர்". கேட்டில் வாட்ச்மேன் மூன்று நோட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்.

"பெற்றோரா, வேலையாளா, சமூகமா?"

"எதுல எழுதினா சீக்கிரம் விடுவீங்க?"

"பெற்றோர்னா மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை மட்டும். வேலையாள்னா ஆர்டர் காட்டணும்."

"சமூகம்னா?"

வாட்ச்மேன் மூன்றாவது நோட்டைப் பிரித்தார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. "அஞ்சு வருஷமா இதுல யாரும் எழுதல. எழுதினா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது" என்றார்.

பிளம்பர் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தடி நடப்பதற்குள் எழுத்தர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் தலைமை ஆசிரியை, கண்ணாடியைக்கூட மாட்டாமல் வந்தார். கல்வி அலுவலகம் ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு உத்தரவு போட்டிருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் சமூகம் பங்கெடுக்க வேண்டும், அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். ஐந்து வருஷமும் அந்தக் கட்டத்தில் "சமூகம் வருகை தரவில்லை" என்றே எழுதி அனுப்பிவந்தார்கள். அடுத்த மாதம் ஆய்வு.

தலைமை ஆசிரியை பிளம்பரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைத்தான் தேடிட்டிருந்தோம்."

"நான் வால்வு மாத்த வந்தேங்க."

"முதல்ல உக்காருங்க" என்று அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதுகுப் பக்கம் "சமூகம்" என்று தாள் ஒட்டிய நாற்காலி. தாள் மஞ்சளாகப் பழுத்திருந்தது. நாற்காலி புத்தம் புதிது. டீ வந்தது. கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள். பெயர் என்ற இடத்தில் "சமூகம்" என்றும், பதவி என்ற இடத்தில் "பிரதிநிதி" என்றும் இருந்தது.

டீயைக் குடித்துவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுத்தர் வழிமறித்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"பின்சுவருக்கு. வால்வு."

"அது முடியாது. சமூகப் பிரதிநிதி பள்ளியில எந்த வேலையும் எடுத்துச் செய்யக் கூடாது. ஆதாயம் ஆயிடும்."

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. சும்மாவே செய்யறேன்."

"சும்மா செஞ்சா அதைவிட மோசம். சுரண்டல் ஆயிடும்."

பிளம்பர் யோசித்தார். "சரி, வேற பிளம்பரைக் கூப்பிடுங்க."

"கூப்பிடலாம். அதுக்கு சமூகத்தோட பரிந்துரை வேணும்."

"நான்தானே சமூகம். பரிந்துரைக்கறேன்."

எழுத்தர் வருத்தத்தோடு தலையசைத்தார். "நீங்க பிளம்பர். ஒரு பிளம்பர் இன்னொரு பிளம்பரைப் பரிந்துரைக்கிறது அவ்வளவு நல்லாருக்காது சார்."

இப்படியாக, அந்தப் பெண்பிள்ளைகளின் கழிவறைக்குத் தண்ணீர் கொண்டுவரத் தெரிந்த ஒரே ஆள், அதைத் தொடக் கூடாத ஒரே ஆளாகவும் ஆனார்.

அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். தலைமை ஆசிரியை சிரித்த முகத்தோடு, "உங்க பொண்ணு பத்தாவதுதானே?" என்று மட்டும் கேட்டார். பிளம்பர் அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று கூட்டம். தனியாக நடமாடினால் சமூகத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்று, கேட்டிலிருந்து நாற்காலி வரைக்கும், நாற்காலியிலிருந்து கேட் வரைக்கும் எழுத்தர் கூடவே வந்தார். கைகழுவப் போனால் வெளியே நின்றார். பின்சுவர்ப் பக்கம் பிளம்பரின் கண் போனால்கூடத் தொண்டையைச் செருமினார்.

முதல் கூட்டத்தில் பிளம்பர் சொன்னது ஒரே வாக்கியம். "கேர்ள்ஸ் டாய்லெட்டுல தண்ணி வரலைங்க." எழுத்தர் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். மறுநாள் கூட்டக் குறிப்பு வந்தது. "மாணவியரின் நலனில் சமூகம் தனது ஆழ்ந்த அக்கறையை வெளிப்படுத்தியது. அவை மகிழ்ந்தது."

இரண்டாம் கூட்டத்தில் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "சமூகம் தனது அக்கறையை மீண்டும் வெளிப்படுத்தியது. அவை மீண்டும் மகிழ்ந்தது."

மூன்றாம் கூட்டத்தில் மேஜையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். விளைவு இருந்தது. தண்ணீர் விழிப்புணர்வுக் குழு அமைக்கப்பட்டது. குழு உடனே களத்தில் இறங்கியது. ஓவிய ஆசிரியர் கழிவறையின் வெளிச்சுவரில் பதினைந்தடி உயரத்துக்கு ஒரு அருவியை வரைந்தார். அருமையான அருவி. தூரத்திலிருந்து பார்த்தால் சாரல் அடிப்பதுபோல இருக்கும். அதற்குப் பக்கத்தில் போன பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரசித்தார்கள்.

அடுத்து ஊர்வலம். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள எல்லாப் பெண்களும் தண்ணீரைப் போற்றும் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு, மத்தியான வெயிலில் பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பினார்கள். காலையிலிருந்து யாரும் தண்ணீர் குடித்திருக்கவில்லை. மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். குறிப்பில், "மூன்று மாணவியர் உணர்ச்சிவசப்பட்டனர்" என்று இருந்தது. கட்டுரைப் போட்டி நடந்தது. தண்ணீரின் அவசியம் பற்றி மனதைத் தொடும்படி எழுதியதாக பிளம்பரின் மகளுக்கு முதல் பரிசு. பரிசு ஒரு தண்ணீர் பாட்டில். காலி பாட்டில்.

அதை வீட்டில் அலமாரி மேல் வைத்துவிட்டு அவள் கேட்டாள். "அப்பா, நீங்கதான் சமூகம்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப நீங்க சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"கேக்கறாங்கம்மா. கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார் பிளம்பர்.

நடுவில் ஒரு புதுக் கட்டடத்தில் வேலை வந்தது. அவர் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மகளின் கையிலேயே கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "சமூகம் இரண்டு நாளாக வரவில்லை. தகுந்த விளக்கத்துடன் பாதுகாவலரை அழைத்து வரவும்."

மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பினாள். தலைமை ஆசிரியையின் அறையில் அவள் உட்கார்ந்தாள். பிளம்பர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். அப்படி நிற்கச் சொன்னது யாரும் இல்லை. அந்த அறைக்குள் போனால் கை தானாகக் கட்டிக்கொள்கிறது.

"சமூகம் இப்படிச் சொல்லாம கொள்ளாம நின்னா பள்ளி என்ன பண்ணும்? நீங்களே சொல்லுங்க" என்றார் தலைமை ஆசிரியை.

"வேலைக்குப் போனாருங்க."

"சமூகம் வேலைக்குப் போயிடுச்சுன்னா நாங்க யாரை முன்னேத்தறது?"

மனைவி, நீட்டிய விளக்கத் தாளில், "சம்பாதிக்கப் போயிருந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தலைமை ஆசிரியை அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். வெளியே வந்ததும் மனைவி, "என்னங்க, இவங்க ஆஸ்பத்திரி நடத்தினா ஜுரத்துக்கு ஊர்வலம் போவாங்க" என்றாள்.

ஆய்வு நாள் வந்தது. தண்ணீர் நின்று ஐம்பது நாள் ஆகியிருந்தது. பிளம்பருக்கு முந்தின நாளே ஒரு வாக்கியம் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருந்தார்கள். "பள்ளியும் சமூகமும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்களாக விளங்குகின்றன." அவர் துணிப்பையோடுதான் வந்தார். பைக்குள் புது வால்வு, ஸ்பேனர், டேப் எல்லாம் ஐம்பது நாளில் முப்பது நாளாக அவரோடு வந்து போய்க்கொண்டிருந்தன. தலைமை ஆசிரியை வரவேற்றுப் பேசினார்.

"இருபத்தாறு ஆண்டுகளாகச் சமூகத்துக்காகவே உழைத்துவருகிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் சமூகத்தைத் தொந்தரவு செய்ததில்லை. நேரில் பார்த்ததுகூட இல்லை. இந்தப் பள்ளிக்கு மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் கேட். எதற்காக? சமூகத்தோடு நெருங்கிப் பழகத்தான். மதில் இல்லாவிட்டால் சமூகம் எங்கே முடிகிறது, பள்ளி எங்கே தொடங்குகிறது என்று சமூகத்துக்கே குழப்பம் வந்துவிடும். அந்தக் குழப்பத்தை நாங்கள் எந்தக் காலத்திலும் அனுமதித்ததில்லை."

ஆய்வு அதிகாரி அருவி ஓவியத்தைப் பார்த்தார். ஊர்வலப் படங்களைப் பார்த்தார். "படத்துல எல்லாப் பிள்ளைகளும் எவ்வளவு ஈடுபாட்டோட சோர்ந்து போயிருக்காங்க" என்று பாராட்டினார். பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"சமூகம் இந்தப் பள்ளிகிட்ட என்ன எதிர்பார்க்குது?"

பிளம்பர் எழுந்தார். நாணயம் வரை ஞாபகம் வந்தது. அப்போது பார்த்து, வரிசையில் நின்றிருந்த மகள் கண்ணில் பட்டாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றாள். நாணயம் மறந்துபோயிற்று.

"ஐயா, பொம்பளப் பிள்ளைங்க கழிவறையில அம்பது நாளா தண்ணி இல்ல. புது வால்வு என் பையிலயே இருக்கு. அரை மணி நேரம் என்னை விட்டாப் போதும்" என்றார்.

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். "இது சமூகத்தோட கருத்தா, தனிநபர் கருத்தா?"

"தனிநபர் கருத்து" என்றார் தலைமை ஆசிரியை, மூச்சு விடாமல்.

"தனிநபர் எப்படி சமூகத்தோட நாற்காலியில உக்காந்தாரு?"

பிளம்பரை வேறு நாற்காலிக்குப் போகச் சொன்னார்கள். வேறு நாற்காலி இல்லாததால் அவர் நின்றார். காலி நாற்காலியைப் பார்த்து அதிகாரி, "மற்றபடி சமூகம் திருப்தியா இருக்குன்னு எழுதிக்கறேன்" என்றார். அதோடு, தண்ணீர் விஷயம் தன் காதுக்கு வந்துவிட்டபடியால் அதை ஒரு திட்டமாக அறிவிப்பதாகவும், அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி தானே வந்து திறந்து வைப்பதாகவும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கு இன்னும் முப்பத்திரண்டு நாள் இருந்தது.

மறுநாள் வாட்ச்மேன், "உங்க பேரை சமூகத்துலேர்ந்து அடிக்கச் சொல்லிட்டாங்க. உள்ள போய் நீக்கல் சான்றிதழ் வாங்கிட்டு, அட்டையைக் கொடுத்துடுங்க" என்றார்.

"எந்த நோட்டுல எழுதறது?"

வாட்ச்மேன் மூன்றையும் புரட்டினார். நீக்கப்பட்டவர்களுக்கு நோட்டு இல்லை. "சும்மா போங்க" என்றார்.

அலுவலகத்தில் எழுத்தர் தலை நிமிராமல் அட்டையை வாங்கிக்கொண்டார். "சான்றிதழ் தட்டச்சாகணும், சரிபார்க்கணும், மேடம் கையெழுத்துப் போடணும். ஒரு மணி நேரம் ஆகும். வெளிய நில்லுங்க."

"கூட யாரும் வரலையா?"

"நீங்கதான் சமூகம் இல்லையே. இனிமே உங்களுக்கு எதுக்குத் துணை?"

பிளம்பர் வெளியே வந்து ஒரு நிமிஷம் நின்றார். முப்பது நாளுக்குப் பிறகு முதல் முறையாகப் பக்கத்தில் யாரும் செருமவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அருவியைத் தாண்டி, பின்சுவருக்கு நடந்தார். அவர் நினைத்தது சரிதான். வால்வுக்குள் இருந்த தகடு கழன்று விழுந்து குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. மேல் குழாயை அடைத்து, பழசைக் கழற்றி, மரையில் டேப் சுற்றிப் புதுசை மாட்டினார். துப்புரவு வேலை பார்க்கும் அம்மா துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூலையில் காவல் நின்றாள். இருபத்தாறு நிமிஷம். உள்ளே ஐந்து குழாயும் முதலில் காற்றைத் துப்பின, பிறகு துருவைத் துப்பின, பிறகு ஓடத் தொடங்கின.

சத்தம் கேட்டு இடைவேளைக்கு வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மகள் பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். குழாயின் மேல் கையை வைத்து, உள்ளே தண்ணீர் போகிற அதிர்வைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிளம்பருக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தவர் ஆயிற்றே. வால்வின் தலையில் இருந்த சின்ன இரும்புச் சக்கரத்தின் நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருவி மகளிடம் கொடுத்தார். "பையில போட்டுக்கோ. திறப்பு விழா வரைக்கும் இதை மூடி வைக்கச் சொல்லுவாங்க."

சொன்னபடியே சொன்னார்கள். திறந்து வைக்காத தண்ணீர் ஓடுவது முறைகேடு என்று மாலையே சுற்றறிக்கை வந்தது. எழுத்தர் மூடப் போனார். சக்கரம் இல்லை. சக்கரம் இல்லாமல் மூடப் பிளையர் வேண்டும். பள்ளியில் பிளையர் இல்லை. பிளையர் வாங்க மூன்று கடையில் விலைப்பட்டியல் கேட்க வேண்டும். கேட்டார்கள். இரண்டு வந்தது. மூன்றாவது வருவதற்குள் பதினெட்டாம் தேதி வந்துவிட்டது.

அதிகாரி ரிப்பனை வெட்டினார். முப்பத்தோரு நாளாக ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். ஆனால் மைக் கைக்கு வந்ததும் தெளிந்துவிட்டார். "நான் வருவதற்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது. நமது துறையின் வேகத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

பிளம்பருக்கு அழைப்பில்லை. அவர் சான்றிதழ் வீட்டில் இருந்தது. "தனிநபராக மாறியதால் சமூகத்திலிருந்து நீக்கப்படுகிறார். நடத்தை: கவனிக்கத்தக்கது." ஆனால் அவர் மனைவிக்கு அந்த வாரமே ஒரு கடிதம் வந்தது. காலியாக இருக்கும் சமூகத்துக்கு, அழகான கையெழுத்து உள்ள அவளை நியமித்திருந்தார்கள்.

முதல் கூட்டம் முடிந்து அவள் வந்தபோது பிளம்பர் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பேசினே?"

"ஒண்ணும் பேசல. டீ குடிச்சேன். அவை மகிழ்ந்துச்சு." அவள் செருப்பைக் கழற்றினாள். "மூணாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய பிடிச்சுக்கிட்டு நிக்கறாளாம். பொண்ணு சொன்னா."

"கூட்டத்துல சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா சுவத்துல தாழ்ப்பாள் வரைவாங்க. உங்க சின்ன ஸ்குரூ டிரைவரைக் கொடுங்க."

பிளம்பர் எழுந்து போய் ஸ்குரூ டிரைவரோடு ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் கொண்டுவந்தார். திருகாணியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று வீட்டுக் கதவிலேயே காட்டினார். அவள் எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "சமூகம் எங்க போனாலும் அந்த எழுத்தர் கூடவே வருவாரே?"

"பொம்பளைங்க கழிவறைக்குள்ளயுமா?" என்றாள் மனைவி.